துண்டுக்கு ஓர் அடி

பேத்தி செல்போனைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள். 'எ-லி-பன்ட்', மூன்று தட்டு. நீளமான இங்கிலீஷ் வார்த்தையைத் துண்டு துண்டாகப் பிரிக்கப் பழக்குகிறார்களாம். அந்தச் சத்தம் கேட்டதுமே என் உள்ளங்கை எரிந்தது.

அறுபதுகளில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் தட்டியது எங்கள் கையில், பிரம்பால். துண்டுக்கு ஓர் அடி. தினமும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு வார்த்தை கொண்டுவர வேண்டும். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஏது இங்கிலீஷ்? பனியன் பெட்டி மேல் அச்சடித்திருப்பதுதான். விவரமான பயல்கள் 'பாக்ஸ்' என்று சொல்லி ஒரே அடியோடு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கப்பாவுக்கு அங்கே துணி வெட்டும் கட்டிங் வேலை. இருப்பதிலேயே பெரிய வார்த்தையாகப் பார்த்து, பாவி மனுஷன், பெட்டி மூடியை ஆசையாகக் கிழித்துக்கொண்டு வருவார். 'சாட்-டிஸ்-பேக்-ஷன்'. நாலு அடி.

என் கை வீங்கியதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க சார், பெரிய வார்த்தை கொண்டாந்த பையனுக்கு எதுக்குங்க அடி சாஸ்தி?" என்றார்.

"எங்கே, நீ பிரிச்சுச் சொல்லு பாக்கலாம்."

"எனக்குத் தெரியாதுங்க."

"அப்ப நீட்டு கையை."

கத்தரி பிடித்துக் காய்த்த கையை அப்பா நிஜமாகவே நீட்டினார். அந்தாள் அடிக்கவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தான். வகுப்பே சிரித்தது. அடித்திருந்தால்கூட என்றைக்கோ மறந்திருப்பேன்.

"அப்புச்சி, நீங்களும் தட்டுங்க" என்றாள் பேத்தி.

அந்த வாத்தியார் செத்து எத்தனையோ வருஷமாச்சு. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.