பலாப் பலகைக்கு ஒரு கதவு

போன மாதம் வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு கதவோடு ஏறப் போனேன்.

நிஜக் கதவு. வீட்டு வாசலில் மாட்டுவார்களே, அதே கதவுதான். கண்டக்டர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“இன்னா சார்... வூட்டையே பிரிச்சி எடுத்துகினு போறீங்களா?”

“இல்லீங்க. கிடார் செய்யறதுக்கு.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மேலே ஏற்றிக் கட்டச் சொல்லிவிட்டார். உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன்.

வைகாசியில் திருக்கோவிலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ரிசப்ஷனில் பாட்டுக் கச்சேரி. கிடார்காரர் கிடாரை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். என் மனைவி தமிழ்ச்செல்வி, ஸ்கூலில் கணக்கு டீச்சர், விறுவிறுவென்று மேடைக்குப் போனாள். கிடாரை எடுத்து மடியில் வைத்தாள். வாசித்தாள்!

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எனக்கு இது தெரியாது.

“எப்போ கத்துகிட்ட?”

“காலேஜ் ஹாஸ்டல்ல.”

“சொல்லவே இல்லியே?”

“நீங்க கேக்கவே இல்லியே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. கூட இருப்பவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் ஒரு மனுஷன் இத்தனை வருஷம் ஓட்ட முடியுமா? முடியும். ஓட்டியிருக்கிறேன்.

அந்த வேகத்தில், அத்தனை பேர் முன்னாலும் வாயை விட்டுவிட்டேன். “உனக்கு ஒரு கிடார், என் கையால செஞ்சு தரேன்!”

அதுவரைக்கும் என் கை செய்தது இரண்டு ஸ்டூல், ஒரு புத்தக அலமாரி. மண்டபத்தில் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. தமிழ்ச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. “நிஜமாவா?” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன்.

மொபைலில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஸ்ப்ரூஸ் என்கிறார்கள், ஏதோ வெளிநாட்டு மரம். ரோஸ்வுட் என்கிறார்கள்... நம்ம ஊர் ஈட்டி மரம்தான். விலை விசாரித்தேன். விசாரித்ததோடு சரி. முதல் முயற்சி எப்படியும் பாதி பாழாகும். பாழானால் அழுகை வராத மரமாக வேண்டாமா?

அறுவை மில்லில் புது மாம்பலகை மலிவாகக் கிடைத்தது. மெல்லிசாக இழைத்து, பெருமையாகச் சுவரில் சாய்த்து வைத்தேன். இரண்டே வாரம். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது.

சுருண்டதைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் பழைய மரச்சாமான் விற்கிற பாயிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“பச்சை மரங்க இது. ஈரம் ஜாஸ்தி. கிடாருக்குன்னா நல்லா காஞ்சதா வோணும்.”

இரண்டு பலகைகளைத் தூக்கி விரலால் தட்டிக் காட்டினார். ஒன்று ‘தொப்’ என்றது. இன்னொன்று ‘டங்ங்’ என்று இழுத்தது. அவ்வளவுதான்... எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெஞ்ச், பீரோ, பக்கத்து வீட்டு ஜன்னல் என எதைப் பார்த்தாலும் தட்டிக் காதை வைப்பேன்.

கிடாரின் முகத்துக்கு லேசான மரம் வேண்டும், நேர்கோடு போட்ட மாதிரி ரேகை வேண்டும். அது எங்கே இருந்தது தெரியுமா? பாய் கடை மூலையில், ஏதோ மெஷின் வந்து இறங்கிய பைன் மரப் பெட்டியில்! “அடுப்புக்குப் போறதுங்க, எடுத்துக்குங்க” என்றார். கழுத்துக்குப் பழைய தேக்குக் கட்டில் சட்டம். முதுகுக்கும், பக்கவாட்டில் வளைகிற விலாவுக்கும்?

“பலா பாருங்க. வீணையே அதுலதான செய்யறாங்க. மலைப்பக்கம் போனா காஞ்ச பலகை கெடைக்கும்.”

போனேன். வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். சின்னப்பொண்ணு என்று ஓர் அம்மா, மரவள்ளிக் காடு வைத்திருப்பவர். அவர் வீட்டு அடுப்புக்கு மேலே, பரணில், புகையில் பழுத்த நான்கு பலாப் பலகைகள். காற்றில் சாய்ந்த மரமாம். அனுமதி கேட்டுத் தட்டினேன்.

டங்ங்ங்...

“இத குடுப்பீங்களாம்மா? காசு தரேன்.”

“அது கதவுக்குங்க. மூணு வருசமா வெச்சிகினு கீறோம். ஆசாரி வரேன் வரேன்னு வரவேயில்ல.” வாசலைக் காட்டினார். கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்குப்படுதா. “மழ பேஞ்சா நாயெல்லாம் உள்ள வந்து படுத்துக்குது. காச வெச்சிகினு நான் இன்னா பண்றது? ஒரு கதவு கொண்டாந்து மாட்டுங்க. பலகைய எடுத்துகினு போங்க.”

இதைவிட நியாயமான பேரம் நான் பார்த்ததில்லை. வாசலை அளந்துகொண்டு இறங்கினேன். பாய் கடையில் பழைய வேப்பமரக் கதவு ஒன்று கிடைத்தது. அதோடு பஸ் ஏறியதைத்தான் முதலில் சொன்னேன்.

மாட்டும்போது பார்த்தால் கதவு அரை விரல்கடை அகலம் கூடுதல். சின்னப்பொண்ணு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “ஆசாரியே தேவலாம் போல கீது” என்றார். வியர்க்க விறுவிறுக்க இழைத்து, கீல் அடித்து, கதவை நிறுத்தினேன். அவர் சாத்தினார். திறந்தார். சாத்தினார். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து ஆளுக்கொரு முறை சாத்தித் திறந்தார்கள். ஒரே சிரிப்பு. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு, பலகைகளைத் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, பலா லேசில் வளைகிற ஜாதி இல்லை. சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைக்கும்போது ஒரு விலா ‘படக்’ என்று போய்விட்டது. நல்லவேளை, இன்னொன்றுக்குப் பலகை மீதி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கம்பி கட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மடியில் வைத்தாள். பலாவின் மஞ்சளைத் தடவிப் பார்த்தாள். கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தாள். அப்புறம் விரல் இறங்கியது பாருங்கள்... கொஞ்சம் தடுமாறி, நின்று, மறுபடி பிடித்து, முழுப் பாட்டும் வாசித்தாள். வீடே நிறைந்தது. குழம்பு அடிப்பிடித்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

விலை கம்மியான மரத்தில் நல்ல சத்தம் வருமா என்று பலர் கேட்கிறார்கள். இதை வைத்து ஸ்கூல் ஆண்டு விழாவில் வாசிக்கப் போகிற தமிழ்ச்செல்வியிடமே கேட்டேன். “மைக்கே வேணாம்ங்க, இதுவே கடைசி வரிசைக்குக் கேக்கும்” என்றாள்.

கணக்கு டீச்சர் போட்ட மார்க்... அப்பீலே கிடையாது!