துக்க வீட்டில் சொல்லக் கூடாதது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து பால் கலக்காத தே ஓ வாங்கப் போய்விடுகிற ஆள் நான். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று சொல்லியே பல பேரின் வாயை அடைத்திருக்கிறேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஆனால் இது இருட்டில் நடந்ததல்ல. பட்டப்பகலில், என் பின்னால் ஒரு மோட்டர் சைக்கிள் படையே வந்துகொண்டிருந்தபோது நடந்தது.

ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. லீவு நாளில் மோட்டர்தான் எனக்குக் கோயில். எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு, ராணுவத்தில் இருப்பவர் யாராவது கடமையில் இறந்தால் அவர் கடைசியாகப் போகும் வண்டிக்கு முன்னும் பின்னும் நாங்கள் போவோம். யாரும் கூப்பிட வேண்டியதில்லை, சேதி கேட்டதும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். இந்த முறை இறந்தவர் வேற்று மனிதர் இல்லை. எங்கள் குழுவில் இருக்கும் குணாவின் மச்சான், தினகரன். எல்லைக் காட்டில் காவலில் இருந்தபோது போய்விட்டார். கல்யாணம் ஆகாத பையன்.

குணாவின் மனைவி கவிதா, தினகரனின் ஒரே தங்கை. அப்பா அம்மா இல்லாத இரண்டு பேரையும் வளர்த்தது புக்கிட் பெருவாங்கில் இருக்கும் சித்தி. உடல் அங்கேதான் வந்து இறங்கியது. கவிதாவோ நிறைமாதக் கர்ப்பிணி, முன்பே ஒரு பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவள். “பிணத்தைப் பாக்கக் கூடாது, இந்தப் பக்கமே வரக் கூடாது” என்று சித்தி ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவையும் குறை சொல்ல முடியாது. ஒன்று போய்விட்டது, இன்னொன்றாவது தங்கட்டும் என்ற பயம்.

காலையில் கவிதா எனக்குப் போன் செய்தாள்.

“முரளிண்ணே, லாரி எங்க வீட்டு வழியா ஒரு தடவ போனா போதும்ணே. மூஞ்சியக் காட்ட வேணாம், நிக்கக்கூட வேணாம். நான் கேட்லயே நின்னுக்கிறேன்.”

“ரூட்டு போலீசுக்குக் கொடுத்தாச்சும்மா. ஆர்மி வண்டிய நான் எப்படிலா திருப்புறது?”

அவள் அழவில்லை. “சரிண்ணே” என்று வைத்துவிட்டாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மதியம் கிளம்பினோம். புறப்படும் முன் எல்லாரையும் கூப்பிட்டு எப்போதும் சொல்வதைச் சொன்னேன், துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது, பேசாமல் மோட்டரில் ஏற வேண்டும். எங்கள் பையன்கள் தங்கமானவர்கள், ஆனால் வாய் பழக்கத்தில் வந்துவிடும் இல்லையா. லாரியில் கொடி போர்த்திய பெட்டி, டிரைவர் பக்கத்தில் குணா. நான் எல்லாருக்கும் முன்னால்.

ஜாசின் பக்கம் சுடுகாடு. வெயில் அடித்துக்கொண்டே மழை பெய்தது. செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து ஆவி எழும்பி ரோட்டின் மேல் பஞ்சு மாதிரி கிடந்தது. எனக்கு என் மோட்டர் சத்தமே தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது, பாதித் தூக்கத்தில் ஓட்டுகிற மாதிரி, ஆனால் தூக்கம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பெம்பான் ஊருக்கு முன்னால், ரோடு பிரியும் ஒரு சிம்பாங்கில், மழைக்கோட்டு போட்ட ஒருவன் மோட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு இடது கையை நீட்டிக்கொண்டு நின்றான். எங்கள் ஆள் ஒருவன் எப்போதும் முன்னால் போய்ச் சந்திப்பில் நிற்பான். அவன் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, அதுதான் எங்கள் விதி. திரும்பினேன். எனக்குப் பின்னால் லாரியும் மற்ற எல்லாரும் திரும்பினார்கள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, இது கவிதாவின் வீட்டுப் பாதை.

அவள் கேட்டில் நின்றிருந்தாள். குடை இல்லை, ஒரு கை வயிற்றில், ஒரு கை கம்பியில். லாரி அவள் வாசலுக்கு வந்ததும் எஞ்சின் அணைந்துவிட்டது. ராணுவ டிரைவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அசையவில்லை. நாங்களும் ஒவ்வொருவராக அணைத்தோம். மழைச் சத்தம் மட்டும்தான். அவள் கிட்டே வரவில்லை, சித்தி சொன்னதை மீறவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எங்களில் மூன்று நான்கு பேரிடம் ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் இண்டர்காம் உண்டு. அதில் ஒரு குரல் கேட்டது. “போயிட்டு வரேன்.”

எனக்குக் குப்பென்று கோபம் வந்தது. இவ்வளவு சொல்லியும் எந்த மடையன் இது? தலையைத் திருப்பி முறைக்கப் போனேன், அதற்குள் கவிதா கேட்டிலிருந்தே, “போயிட்டு வாண்ணே” என்றாள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. லாரி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

சுடுகாட்டில் துப்பாக்கி மரியாதை முடிந்து எல்லாரும் குளித்து, சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பித்தது. சந்திப்பில் நிற்க வேண்டிய செல்வம் என் மேல் பாய்ந்தான்.

“நான் அடுத்த சிம்பாங்ல மழையில நனைஞ்சிக்கிட்டு நிக்கிறேன், நீங்க பாட்டுக்கு எங்கண்ணே போனீங்க?”

“அப்ப கைய நீட்டினது யாருடா?”

யாரும் இல்லை. சரி, அந்த வார்த்தையைச் சொன்னது யார்? இண்டர்காம் வைத்திருந்த ஒவ்வொருவனும் அதைக் கேட்டிருக்கிறான், ஒவ்வொருவனும் இன்னொருவன் என்று நினைத்திருக்கிறான். சின்னவன் ராஜேஷ் மேல்தான் எனக்குச் சந்தேகம், அவன் கோயில் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் பண்ணினான். குணாவாக இருக்குமோ என்றால் அவனிடம் ஹெல்மெட்டே இல்லை, லாரியில் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண். பார்க்கப் போனேன். நாங்கள் யாரும் இதைப் பற்றி கவிதாவிடம் மூச்சு விடுவதில்லை என்று பேசி வைத்திருந்தோம், பச்சை உடம்புக்காரியைப் பயமுறுத்தலாமா. பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்து அவளாகத்தான் பேசினாள்.

“ரொம்ப நன்றிண்ணே. ரூட்ட மாத்தி கூட்டிட்டு வந்தீங்களே. அண்ணன் சொல்லாமலே போயிருந்துச்சுன்னா நான் செத்திருப்பேன்.”

நான் தலையாட்டினேன்.

“ஆனா அண்ணனுக்கு அன்னிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுல்ல?”

இண்டர்காமில் கேட்ட அந்தக் குரல் கட்டிப்போய்க் கரகரவென்றுதான் இருந்தது. அதை நான் கடையில்கூட யாரிடமும் சொல்லவில்லை. அவள் தலையில் ஹெல்மெட்டும் இல்லை, காதில் எதுவும் இல்லை, ஒரு பெண் வாசலில் மழையில் நின்றிருந்தாள், அவ்வளவுதான். எழுந்துகொண்டேன். வெளியே வரும்போது ‘போயிட்டு வரேம்மா’ என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. இன்றைக்கும் வேலைக்குக் கிளம்பும்போது வருவதில்லை. சொல்லாமல் போகிறேன் என்று என் மனைவி தினமும் திட்டுகிறாள்.