சிவப்பு ஸ்லீவ் தீர்ந்துபோன அன்று

ஃபேனுக்குக் காயில் கட்டும் கடையில் அவளுக்கு ஊமைக் காயில் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பக்கத்து டீக்கடையில் நின்று பேசிக்கொள்வார்கள். நடுவில் இருப்பது ஒரு தகரத் தடுப்புதான், அதற்குக் காது கேட்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலும் அவள் அப்படித்தான். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தெரிந்திருந்தாலும் குனிந்தே நிற்பாள். ஆறாம் வகுப்போடு நிறுத்தியபோது வீட்டில் எல்லாருக்கும் வருத்தம், அவளுக்கு மட்டும் நிம்மதி. எண்கள் மட்டும் கூடவே வந்தன. செம்புக் கம்பியைச் சுற்றும்போது உதடு அசையும், சத்தம் வராது. எட்டு வருஷத்தில் ஒரு சுற்றுகூடக் கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. முதலாளியே, "அந்தம்மா எண்ணினா நான் மறுபடி எண்ண மாட்டேன்" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

அவள் காயில் கட்டி முடித்தால் மூன்று ஒயர்கள் வெளியே வரும். எது எது என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குழாய் மாட்டுவாள். அதற்கு ஸ்லீவ் என்று பெயர். மற்ற இரண்டுக்கும் பொதுவான ஒயருக்குக் கறுப்பு, ரன்னிங் ஒயருக்கு நீலம், ஸ்டார்ட்டிங் ஒயருக்குச் சிவப்பு. நிறத்தைப் பார்த்து, ஃபேன் கிளம்ப உதவும் கண்டென்சரை இணைப்பதும், ஃபேனைக் கொண்டுபோய் மாட்டுவதும் ஃபிட்டரின் வேலை. ஆள் குள்ளம். எங்கே போனாலும் தோளில் ஏணி இருக்கும். அதனால் ஏணி என்றே பெயராகிவிட்டது. அவள் அண்ணன் என்பாள், அதுவும் தேவைப்பட்டால்.

வெயில் காலம் தொடங்கும் முன்னால் ஒரு தையல் கம்பெனியிலிருந்து ஆறு ஃபேன்கள் ஒரே தடவையில் வந்தன. அவளுடைய நாத்தனார் தைக்கும் கம்பெனி அது. அதனால் இன்னும் கவனமாகக் கட்டினாள். கடைசியில் ஸ்லீவ் மாட்டும்போது பார்த்தால் சிவப்பு டப்பா காலி. எப்போதும் ஸ்டார்ட்டிங் ஒயருக்குத்தான் முதலில் மாட்டுவாள். கை பழக்கத்தில் அடுத்த டப்பாவுக்குப் போனது. ஸ்டார்ட்டிங்குக்கு நீலம் மாட்டிவிட்டாள். அப்புறம் ரன்னிங்குக்கு மஞ்சள். ஆறுக்கும் அப்படியே. ஏணியிடம் சொல்லிவிட்டால் போதும், இரண்டு வார்த்தை.

சொல்லத்தான் போனாள். ஏணி டீக்கடை வாசலில் மூன்று பேருக்கு நடுவில் நின்று ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான், எல்லாரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் எப்படிப் போவது? தகரத் தடுப்பின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டாள்.

மறுநாள் அவள் வருவதற்குள் ஏணி ஆறையும் இணைத்து முடித்திருந்தான். நீலம் என்றால் ரன்னிங், எட்டு வருஷமாக அப்படித்தான். மிச்சம் இருந்த மஞ்சளைச் சிவப்பின் இடத்தில் கொடுத்துவிட்டான். இறக்கை இல்லாமல், மேசைமேல் தலைகீழாக வைத்துத்தான் கடையில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சத்தம் வருகிறதா, சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்களே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கம்பெனியின் விடுமுறை நாளில் போய் மாட்டினான். சுவிட்சைப் போட்டான், ஆறும் சுற்றின, வந்துவிட்டான். சொல்ல வேண்டியது ஒன்று இருந்ததே என்பது அவளுக்கு மறந்தேபோனது.

ஃபேன் மாட்டின இரண்டாம் நாள் சாயங்காலம் நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். புது காயில் கட்டின ஃபேன் பம்பரமாகச் சுற்றுகிறதாம், ஆனால் முன்பு வந்த காற்றில் பாதிகூட இல்லையாம்.

அந்த வீட்டில் அவளிடம் யோசனை கேட்க ஒரே ஒரு விஷயம்தான் உண்டு, அது ஃபேன். ஃபேனைப் பற்றி என்றால் அவளுக்கும் வாய் வரும். நாத்தனாரிடம் நிதானமாகச் சொன்னாள். ஃபேன் அறையைக் குளிராக்காது, உடம்பில் இருக்கிற வியர்வையைத்தான் காயவைக்கும். ஆள் இல்லாத இடத்தில் சுற்றினால் தண்டம். வெயில் அடிக்கிற பக்கத்து ஜன்னலை மூடு, நிழல் பக்கம் ஒன்றும் அதற்கு எதிரே ஒன்றும் திறந்து வை, இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற சூட்டையே திரும்பத் திரும்பக் கலக்கும். பிடரியில் ஈரத்துணி வைத்துக்கொள். நட்ட நடுவில் உட்காராதே, இறக்கை நுனிக்குக் கீழே உட்கார். முக்கியமாக, இறக்கையின் விளிம்பில் தூசி படிந்திருந்தால் துடை, தூசி காற்றைத் தின்றுவிடும்.

"சரிங்க டீச்சர்" என்றாள் நாத்தனார். கேலிதான். ஆனாலும் அன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. நாத்தனாரும் ஒன்று விடாமல் செய்தாள். மதிய இடைவேளையில் மேசைமேல் ஏறி இறக்கைகளைத் துடைத்தாள். தூசி கட்டி கட்டியாக உதிர்ந்து, கீழே அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளின்மேல் விழுந்தது. சூப்பர்வைசர் கூச்சல் போட்டு, ஒரு வாரத்துக்கு அவளை அயர்ன் மேசைக்கு மாற்றிவிட்டார். அந்தக் கூடத்தில் நெருப்புப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் மூலை அது. அந்த மேசையில் மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு நாத்தனார் மயங்கி விழுந்தாள். நல்லவேளை, விழுந்தது அயர்ன் பெட்டி இல்லாத பக்கம்.

கூட வேலை செய்கிறவள் ஒருத்தி வீட்டில் கொண்டுவந்து விட்டாள். பையும் சாப்பாட்டு டப்பாவும் அங்கேயே இருந்தன. எடுத்து வர மறுநாள் காலையில், கடைக்குப் போகும் வழியில் அவள் போனாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் அவள் பார்த்தது ஃபேனை அல்ல, ஒரு மெஷினின் நூலை. அறுந்த நூல் நுனி கீழே தொங்காமல் மேலே பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. கூரையில் பஞ்சுத் துகள்கள் அப்பியிருந்தன. பிறகுதான் அண்ணாந்து பார்த்தாள். கீழே இருந்து பார்த்தால் ஃபேன் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். இவை ஆறும் முள் போகிற திசையிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. காற்றைக் கீழே தள்ளாமல் மேலே தள்ளிக்கொண்டிருந்தன. ரன்னிங்கும் ஸ்டார்ட்டிங்கும் இடம் மாறினால்தான் ஃபேன் இப்படித் திரும்பிச் சுற்றும். காலியான சிவப்பு டப்பா கண்முன்னால் வந்தது. நீலம். மஞ்சள். தகரத் தடுப்பு.

முப்பது பெண்களும் கழுத்தில் ஈரத்துணி போட்டிருந்தார்கள். நாத்தனார் சொல்லியிருக்கிறாள். நிழல் பக்க ஜன்னலும் எதிர் ஜன்னலும் திறந்திருந்தன. அவள் சொன்னபடி எல்லாமே நடந்திருந்தது. பையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள்.

கடைக்குப் போனால் அங்கே அவளுக்கு முன்னால் சூப்பர்வைசரின் போன் வந்திருந்தது. பக்கத்துக் கம்பெனி எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறான். முதலாளி ஏணியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு ரெண்டு இல்ல, ஆறு. கண்ண எங்க வச்சிருந்த?"

"எப்பவும் குடுக்குற மாதிரிதான் கனெக்ஷன் குடுத்தேன், முதலாளி. எப்படின்னு தெரியல."

"தெரியாத ஆளு எனக்கு எதுக்கு? நாளையிலேருந்து வராத."

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து கம்பியைச் சுற்றினாள். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது. கை கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏணி தோளிலிருந்து ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்தான். அந்த ஏணி கடையுடையது. அது இல்லாமல் போகும்போது இன்னும் குள்ளமாகத் தெரிந்தான். குனிந்து பார்த்தால் கம்பி எத்தனை சுற்று ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, சுற்றினதை எல்லாம் பிரித்தாள்.

வீட்டில் நாத்தனார் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தாள். "ஏன் அண்ணி காத்து வரல? உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்" என்றாள், கேலி இல்லாமல்.

"பாத்தாத்தான் தெரியும்" என்றாள் அவள். சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பங்கரைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

காலையில் முதலாளி ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே போய் நின்றாள். ஸ்லீவ் கதையைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை.

"நேத்து நீ இங்கதானே இருந்த?" என்று மட்டும் கேட்டார்.

ஷட்டரைத் தூக்கினார். போய் அவனை நீயே கூட்டிக்கொண்டு வா என்றார்.

ஏணியின் வீட்டு வாசலில் அவன் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். விஷயம் தெரியாமல் கொடுத்த தண்ணீரை அவள் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். ஏணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டினான்.

"டீக்கடை பத்தடிம்மா" என்றான். "பத்தடி நடந்திருக்கலாம்ல?"

கம்பெனியில் ஒவ்வொரு ஃபேனாக நிறுத்தி, அவன் மேலே ஏறி ஒயரை மாற்றினான். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் அவனைப் பார்த்து, இனிமேலாவது ஒழுங்காக வேலை பார் என்று ஆரம்பித்தார். முப்பது மெஷின்களும் நின்றிருந்தன.

"அவர் தப்பு இல்லைங்க. நான்தான் கலர் மாத்திப் போட்டுட்டுச் சொல்லாம விட்டேன்" என்றாள். தன் குரல் அவ்வளவு பெரிய இடத்தில் கேட்டது அவளுக்கே புதிது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல இருந்தது. சுவிட்சைப் போட்டதும் காற்று தலையில் வந்து இறங்கியது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கினார்கள். அவளை யாரும் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. தைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாத்தனாரிடம் அன்றைக்கே சொன்னாள். கேட்டவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நான் மேசைல ஏறித் தொடச்சேனே, அண்ணி" என்றாள். பிறகும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள், ஒன்றாகத்தான் துணி மடிக்கிறார்கள். டீச்சர் என்று மட்டும் நாத்தனார் அப்புறம் கூப்பிடவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் டீக்கடை வாசலிலிருந்து ஏணி உரக்கக் கேட்கிறான்: "என்னம்மா, சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவளுக்கு முகமெல்லாம் எரிகிறது. ஆனாலும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அந்தப் பத்தடியும் நடந்து, சிரிக்கிறவர்களுக்கு நடுவில் போய் நிற்கிறாள்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்கிறாள்.