டெல்டா கமருதீன்

தேங்காய்ப்பட்டணத்தில் கமருதீன் வீடு எது என்று கேட்டால், "எந்தக் கமருதீன்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். மீன் ஏலம் கூறும் கமருதீன் உண்டு. துணிக்கடைக் கமருதீன் உண்டு. பெரிய வீடாகக் கட்டிப் பூட்டிப் போட்டுவிட்டுக் குவைத்துக்கே திரும்பிப் போன கமருதீனும் உண்டு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பிளாண்டில் எலெக்ட்ரீஷியனாக இருப்பவர் டெல்டா கமருதீன்.

அந்தப் பெயர் வந்தது அவருடைய வாயால்தான். ஐஸ் பிளாண்டின் பெரிய மோட்டாரை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓட்ட முடியாது. கரண்ட் அவ்வளவு இழுத்தால் ஊரே மங்கிவிடும். முதலில் ஸ்டார் என்கிற இணைப்பில் பையப் பையத் தொடங்கி, மோட்டார் வேகம் பிடித்ததும் டெல்டா என்கிற இணைப்புக்கு மாற்ற வேண்டும். அங்கே இருந்தது பழைய ஸ்டார்ட்டர். கையால் நெம்புகோலைத் தள்ளிப் பிடித்து, சத்தத்தைக் கேட்டு, சரியான நேரத்தில் மறுபக்கம் இழுக்க வேண்டும். இழுக்கும்போது கமருதீன், "டெல்டா!" என்று சத்தமாகச் சொல்வார். உள்ளே ஐஸ் கட்டிகளோடு நிற்பவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை. விடியற்காலையில் ஐஸ் ஏற்ற வந்து நிற்கும் மீன்காரர்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

அந்த வேலையை அவர் கற்றுக்கொண்டது சவூதியில், ஜுபைலில். இளவயதில் ஹெல்ப்பராகப் போனார். கேம்பில் அவருடைய அறைக்குப் புதிதாக ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கினார். குழாய் பொருத்துகிறவர், பெயர் கலியபெருமாள்.

"எந்த ஊரு உங்களுக்கு?" என்று கமருதீன் கேட்டார்.

"டெல்டாங்க."

"டெல்டாவா? அது மோட்டாருக்குள்ளயில்லா இருக்கு?"

கலியபெருமாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னய்யா கிண்டலா? காவேரி டெல்டாய்யா. திருத்துறைப்பூண்டி பக்கம். நீங்க திங்கிற சோறு எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க?"

"எங்க நாஞ்சில் நாட்டுலயும் வயலு உண்டும் வே" என்றார் கமருதீன். அவருக்கும் வயலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சண்டையில் தொடங்கியது நல்ல சிநேகிதமாக முடிந்தது. ஒரே சட்டியில் மீன்குழம்பு வைத்து, வெள்ளிக்கிழமைகளில் துணி துவைத்து, பல வருஷம் ஒன்றாகக் கிடந்தார்கள். பிறகு இருவரும் ஊர் திரும்பினார்கள். கமருதீனுக்கு ஐஸ் பிளாண்ட். கலியபெருமாளுக்கு அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் போன் செய்து கொள்வார்கள்.

ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட வருஷம் கரண்ட் போஸ்டுகள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஈபி ஆட்கள்தான் கம்பம் நட்டுக் கரண்ட் கொடுத்தார்கள். ஐஸ் பிளாண்டுக்கு முன்னால் போஸ்ட் நட்ட ஆட்களுக்குக் கமருதீனின் மனைவி ஜைனம்பு தினமும் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். அவர்கள் லாரி ஏறிப் போனபோது கமருதீன் ரோட்டோரம் நின்று கைகாட்டினார். யார் எவர் என்று கேட்டு வைக்கவில்லையே என்று பிறகு வருத்தப்பட்டார்.

அடுத்த வருஷம் கஜா புயல் கலியபெருமாளின் ஊர்ப்பக்கம் அடித்தது. போன் போட்டால் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. அதற்குமேல் கமருதீனால் இருக்க முடியவில்லை. அண்ணன் முறை வைத்து அவரைக் காக்கா என்று கூப்பிடும் ஐஸ் வண்டி ஜெப்சனிடம் போய் நின்றார்.

"மக்கா, திருத்துறைப்பூண்டி வரை போணும். வாறியா?"

"என்ன காக்கா கேள்வி? ஒக்கிக்கு எங்களுக்குச் சோறு தந்தது யாரு? வெளியூர்க்காரன்தானே" என்று சொல்லிவிட்டு ஜெப்சன் வண்டியைக் கழுவத் தொடங்கினான்.

ஒரு ஜெனரேட்டர், குடிதண்ணீர், பாய், அரிசி, காப்பர் வயர் சுருள்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசிக் கொஞ்ச தூரம் ரோட்டில் மரங்கள் குறுக்கே கிடந்ததால் நடந்தே போனார்கள். கலியபெருமாள் உயிரோடு இருந்தார். தோப்பில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. கமருதீனைக் கண்டதும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்து போயிருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து கமருதீன் அதைப் பிரித்தார். கருகிய கம்பிச்சுருளை வெட்டியெடுத்துவிட்டுப் புதுச்சுருள் கட்டினார். ஜெப்சன் பக்கத்தில் இருந்து வயரைப் பிடித்துக் கொடுத்தான். ஜெனரேட்டரில் இணைத்து ஓடவிட்டு, குழாயில் முதலில் காற்றும் பிறகு செம்மண் கலங்கலும் வந்து, கடைசியில் தெளிந்த தண்ணீர் விழுந்தபோது, குடத்தோடு நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றார்கள். யாரும் முந்தவில்லை. அதைக் கமருதீன் இன்றைக்கும் சொல்வார். பக்கத்து ஊர்களிலிருந்தும் எரிந்த மோட்டார்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொண்டுபோன வயர் தீரும்வரை அங்கேயே இருந்தார்கள். சோறு வீட்டுக்கு வீடு மாறி மாறி வந்தது.

பிறகு கொரோனா வந்தது. முதல் அலையில் தப்பித்த கமருதீனை இரண்டாம் அலை பிடித்தது. காய்ச்சல் தணிந்தது போல இருந்து, திடீரென்று மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஜெப்சன் ஐஸ் வண்டியின் முன் சீட்டில் அவரை உட்கார வைத்து, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, நாகர்கோவிலில் பெரியாஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோனான். ஜைனம்பு வாசலோடு நின்றுவிட வேண்டியிருந்தது. "பயப்படாதீங்கோ" என்று அவள் சொன்னாள். சொன்னவளுக்குத்தான் பயம்.

வார்டில் ஆக்சிஜன் மாஸ்கோடு குப்புறப் படுத்துக் கிடந்தார். அந்த வாரந்தான் அப்போது பரவிய புதுவகைக் கொரோனாக் கிருமிக்கு டெல்டா என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போனில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் காதில் விழுந்தது. கமருதீனுக்கு முதலில் தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. கலியபெருமாளுக்கும் அன்றைக்கே செய்தி எட்டியிருந்தது. போனில் கொதித்தார்.

"உலகத்துல வேற பேரே கெடைக்கலையாய்யா இவனுவளுக்கு? சோறு போடுற ஊரு பேரைக் கொண்டுபோய் நோவுக்கு வச்சிருக்கானுவ. நீ பதில் பேசாத, மூச்சு வாங்கும். நான் பேசுறேன், நீ கேளு."

தினமும் அப்படித்தான். அவர் பேசுவார், இவர் கேட்பார். என்ன நட்டோம், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தது, மாடு என்ன செய்தது என்று எல்லாம்.

ஒருநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதினார். அட்டை கட்டில் காலடியில் இருந்தது. கமருதீன் தலையைத் திருப்பிப் பார்த்தபோது, எழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன முக்கோணம் தெரிந்தது. மோட்டார் தகட்டில் டெல்டாவுக்குப் போட்டிருக்கும் அதே முக்கோணம். புதுக்கிருமிதான் தனக்கு என்று டாக்டரே எழுதிவிட்டார், இனி வீடு திரும்புவது இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

நர்ஸ் வந்தாள். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடி, முகக்கவசம். முகம் தெரியாது. குரல் மட்டுந்தான். கேரள எல்லையை ஒட்டிய மேற்குப் பக்கத்துக்காரர்களின் ராகம் அந்தக் குரலில் இருந்தது.

"என்ன காக்கா, கண்ணு கலங்கியிருக்கு? சோறு தின்னியளா?"

அவர் முக்கோணத்தைக் காட்டினார். "எனக்கு அந்த டெல்டாதானா சிஸ்டர்?"

அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள்ளே சிரித்தாள். "எனக்க கர்த்தாவே! இது அதில்ல காக்கா. இன்ன நோய்னு எழுதுறதுக்கு முன்னால டாக்டர்மாரு போடுற அடையாளம். அப்பண்டிஸ் வந்தவனுக்கும் இதே முக்கோணந்தான், காலு ஒடிஞ்சவனுக்கும் இதே முக்கோணந்தான். ஒண்ணும் பேடிக்காண்டாம். குப்புறக் கமந்து கிடங்க."

அவர் மாஸ்குக்குள் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு முதல் சிரிப்பு அது. தன்னை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அவள், "அப்பம் நீங்கதான் பழைய டெல்டா, புதுசு உங்கள என்ன செய்யும்?" என்றாள். அதற்குப் பிறகு வருகிறபோதெல்லாம் அவர் முதுகைத் தட்டிவிட்டு, "டெல்டாக் காக்கா, கமந்து கிடக்கியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவாள். மூச்சு மெல்ல மெல்லச் சரியாயிற்று. அவர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று வேறு நர்ஸ்தான் இருந்தாள். பழையவள் டியூட்டி முடிந்து தனிமைப்படுத்தலில் இருப்பதாகச் சொன்னார்கள்.

வீட்டில் மகள் ஜஸீனா கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பாள். கல்லூரியில் பௌதிகம். ஒருநாள் அவளுடைய புத்தகத்திலும் அந்த முக்கோணத்தைக் கண்டு கமருதீன் கேட்டார்.

"அது கிரேக்க எழுத்து வாப்பா. நம்ம அ, ஆ மாதிரி அவங்களுக்கு நாலாவது எழுத்து. ஆறு கடல்ல சேருற இடம் அந்த வடிவத்துல இருந்ததால அந்த நிலத்துக்கு அந்தப் பேரு. கிருமிக்கு வரிசையா எழுத்து வச்சதுல இதுக்கு நாலாவது வந்துட்டு. கணக்குல வந்தா, முன்ன இருந்ததுக்கும் இப்ப இருக்கதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அர்த்தம்."

"ஒரு எழுத்துக்கு எம்புட்டு சோலி!" என்றார் கமருதீன்.

அன்று சாயங்காலம் கலியபெருமாளிடம் இதையெல்லாம் சொன்னார். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு வேறொன்று சொன்னார். "நீ எங்க ஊருக்கு வந்தப்ப ஒன் மூஞ்சியப் பாத்தோம். ஒரு வாய் சோறு போட்டோம். மனசு ஆறிப்போச்சு. அந்த நர்சம்மா மூஞ்சிய நீ பாத்தியா?"

கமருதீனுக்கு அன்று இரவெல்லாம் அதே நினைப்பு. உடம்பு தேறியதும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார். அந்த நேரத்தில் தற்காலிகமாக எடுத்த நர்ஸுகள் பலர், எல்லோரும் அங்கங்கே போய்விட்டார்கள், பெயர் தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்றார்கள். செக்கப்புக்குப் போகிறபோதெல்லாம் வராந்தாக்களில் சும்மா நடப்பார், குரல்களைக் கேட்பார். வருஷங்கள் ஓடின.

போன மழைக்காலத்தில் அருமனைக்கு அந்தப்பக்கம் ஒரு ரப்பர்ஷீட் கம்பெனியில் மோட்டார் பார்க்கப் போனார். தகரம் கையைக் கிழித்துவிட்டது. ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். வரிசையில் நிற்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"மாத்திரைய நிறுத்திட்டு இப்பம் வந்து தலை சுத்துதுன்னா நான் என்ன செய்ய? சோறு தின்னியளா, அதச் சொல்லுங்க."

வார்டில் கேட்ட அதே குரல் என்று கமருதீன் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண், நடுத்தர வயது, கன்னத்தில் ஒரு மச்சம், முடியில் கொஞ்சம் நரை. சேலையில் குத்தியிருந்த அட்டையில் யேசுரத்தினம் என்று பெயர். இத்தனை நாள் கற்பனை செய்து வைத்திருந்த முகம் இதுவல்ல; இது அதைவிட நல்ல முகம் என்று அவருக்குத் தோன்றியது.

"சிஸ்டர், கொரோனாவுக்கு நீங்க பெரியாஸ்பத்திரியில இருந்தியளா?"

"இருந்தேன். ஏன்?"

அவர் சொன்னார். முக்கோணத்தைச் சொன்னார், டெல்டாக் காக்காவைச் சொன்னார். அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"எனக்கு ஓர்ம இல்ல காக்கா. உள்ளதச் சொல்லணுமில்லா. எத்தனையோ பேரு. செத்துப்போனவங்க முகம் எல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது. நல்லாயிப் போனவங்க முகம் ஒண்ணுகூட நெனப்பில்ல. ஒருத்தரும் திரும்பி வரவும் இல்ல." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லையே என்று கமருதீன் தவித்தார். "நான் நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றார். "வேலைக்குப் போறேன். மகளுக்குக் கல்யாணமும் முடிஞ்சு. அல்லாஹ் உங்களுக்குக் குறை வைக்கமாட்டான்."

வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. யேசுரத்தினம் ஊசி போட்டு, பஞ்சை வைத்து அழுத்தினாள். பிறகு போனை எடுத்து, அந்த வார்டில் தன்னோடு வேலை பார்த்த தோழிகளை வீடியோவில் கூப்பிட்டாள். திருவட்டாரில் ஒருத்தி, குலசேகரத்தில் ஒருத்தி, துபாயில் ஒருத்தி என்று வந்தார்கள்.

"ஏட்டி, எல்லாரும் பாருங்க. நம்ம வார்டுல கிடந்தவரு. நல்லாயிட்டாரு!"

போனை அவர் கையில் கொடுத்தாள். திரையில் பெண்கள் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டு பேசினார்கள். அன்று முகக்கவசத்துக்குள் இருந்த அந்த முகங்களைக் கமருதீன் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.