சாருக்கு கமென்ட் படித்துக் காட்டிய வேலை

1. முதல் நாள்

"நல்லத மட்டும் எடுத்துக்கினு உள்ள போம்மா. திட்டு கிட்டு வந்தா இங்கயே வுட்டுடு. சாருக்கு மூடு பேஜாராச்சுன்னா உன் வேலையும் காலி, என் வேலையும் காலி."

மேனேஜர் தாமு எனக்குக் கொடுத்த டிரெய்னிங் அவ்வளவுதான்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த வீடு. வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டேன். மெலடி என்றாலே ஜனங்களுக்கு ஞாபகம் வருகிற குரல். நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். கடற்கரையில் அவர் பாடிய கச்சேரியை லைவ் ஆல்பமாக வெளியிட்டிருந்தார்கள். கேட்டவர்கள் நெட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று தினமும் காலையில் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவராக அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

அதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்ளெய்ன்ட் செக்ஷனில் தலை நரைக்கும்வரை இருந்தவள் நான். கஸ்டமர் திட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது. பாராட்டை மட்டும் படிப்பதற்குச் சம்பளமா, அடித்தது யோகம் என்று நினைத்துக்கொண்டேன். படூரிலிருந்து பஸ் மாறி வரும் அலுப்புகூடத் தெரியவில்லை.

2. எல்லோருக்கும் பிடித்த இடம்

"ஹெட்போன்ல கேட்டேன், பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரியே இருக்கு" என்று ஒருவர். "அலைச் சத்தம்கூட விழுது, மிக்ஸிங் பண்ணவர் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று இன்னொருவர். வயலின் தூக்கல், டிரம்ஸ் இடி என்று குறை சொன்னவர்களை தாமு சொன்னபடி வெளியிலேயே விட்டுவிட்டேன்.

ஆனால் பெரும்பாலானவர்கள் உருகியது ஐந்தாவது பாட்டுக்கு. இரண்டாவது சரணத்தில் நீளமாக இழுக்க வேண்டிய ஒரு வரி. சார் பாதியில் நிறுத்தி, மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிவிட்டார். கூட்டம் மொத்தமும் அந்த வரியைப் பாடி முடித்தது. "எங்கள நம்பிக் குடுத்தாரே, அழுதுட்டேன்", "புல்லரிச்சுப் போச்சு தலைவா" என்று எழுதித் தள்ளியிருந்தார்கள்.

இதைப் படிக்கும்போது மட்டும் சார் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

"அந்த எடத்தப் பத்தி வேற யாராவது எழுதியிருக்காங்களா?"

"நெறைய பேர் சார். எல்லாம் பாராட்டுதான்."

"வேற மாதிரி ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

அப்புறம்தான் சாய்ந்து உட்காருவார். தினமும் இதே கேள்வி. புகழுக்கு இப்படியும் ஒரு பசியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

3. மீன்காரம்மா எழுதியது

ஒரு காலையில் இந்த கமென்ட் கண்ணில் பட்டது:

"அண்ணா, நான் குப்பத்துல மீன் விக்கிறவ. சொல்லச் சொல்ல எம்பொண்ணு டைப் பண்ணுது. அஞ்சாவது பாட்டுல மைக்க நீட்றதுக்கு முன்னாடி உன் மூச்சு கேக்குது. எங்க வூட்டுக்காரருக்கு வலை இழுக்கும்போது இதே சத்தந்தான் வரும். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சுத்திக்கினு இருந்தாரு. நீ அப்பிடி இருக்காதண்ணா. டாக்டராண்ட காட்டு."

ஹெட்போனை மாட்டி அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். கைதட்டல் எழுவதற்குச் சற்று முன்னால் ஒரு மூச்சு. பாடகர் மூச்சு எடுக்கிற சத்தம் இல்லை அது. காற்று உள்ளே போக மறுத்துக் கீச்சிட்டது. இத்தனை பேர் புல்லரித்த இடத்தில் ஒரு மனுஷன் திணறியிருக்கிறார்.

தாமுவிடம் ஓடினேன். ஹெட்போனை வாங்கிக் கேட்டார். முகம் மாறியது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

"லைவுன்னா மூச்சு கேக்கத்தான் செய்யும். அடுத்த வாரம் கச்சேரி கீது, டிக்கெட்லாம் வித்தாச்சு. இத்த இப்ப படிச்சினா மனுசன் பயந்துடுவாரு. வாய மூடிக்கினு இரும்மா."

4. படித்தேன்

வேலை போனால் போகிறது, தெரிந்தும் மறைத்த பாவி என்று பெயர் எடுக்கக் கூடாது என்று உள்ளே போனேன். வழக்கமான பாராட்டு இரண்டைப் படித்துவிட்டு, "அண்ணா" என்று தொடங்கினேன். மூச்சு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க" என்றார் சார்.

முழுவதும் படித்தேன். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கு அங்க மூச்சு வரலம்மா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. மைக்க நீட்டிட்டேன், எல்லாரும் கை தட்டுனாங்க. தினமும் உங்களப் படிக்கச் சொன்னது, யாராவது கண்டுபிடிச்சாங்களான்னு பாக்கத்தான். யாரும் எழுதலன்னதும், அப்ப ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேக்குறவங்க சர்டிபிகேட் குடுத்தா நெஞ்சு சரியாயிடுமா சார்?"

"டாக்டர் இனிமே பாடக் கூடாதுன்னுட்டா? பயமா இருக்கும்மா" என்றார். பிறகு மெதுவாக, "அந்தம்மா வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்கார்னு கேளுங்க."

சார் பெயரிலேயே கேட்டு எழுதினேன். தாமு கதவருகில் வந்து நின்றார். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்தது. நான்தான் படிக்க வேண்டியிருந்தது.

"அவரு இல்லண்ணா. வலைய கரையில வச்சிட்டு உக்காந்தவருதான், எழுந்திரிக்கல. நீ இன்னும் போகலியா?"

முதலில் அசைந்தது தாமு. "வண்டிய எடுக்கிறேன் சார்" என்றார்.

"கச்சேரி?"

"அது கெடக்குது சார். எழுந்திருங்க."

ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றே படுக்க வைத்துவிட்டார்கள். இதயத்தில் வால்வு பழுது, ஆபரேஷன் என்றார்கள். கச்சேரி நின்றுபோனதும் டிக்கெட் வாங்கியவர்கள் ஏமாற்றுக்காரன் என்று திட்டி எழுதினார்கள். ஒன்று விடாமல் படித்துக் காட்டினேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பப் பாடுவாரா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

இந்த மாதிரி வேலைக்கு இப்போது நிறைய பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. பயந்துவிடுவார் என்று யாரிடமும் எதையும் மறைக்காதீர்கள். அவர் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் இருப்பார், அதுவும் தனியாக. படித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள்.