மூடாத குழி

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்குப் பாடம் நடத்த நான் தினமும் போன ஆட்டோவை ஓட்டியவர் அவர். ஒல்லியான ஆள், கழுத்தில் எப்போதும் மப்ளர். வழியில் குழி வந்தால் இறங்கி, வண்டியில் வைத்திருக்கும் கற்களைப் போட்டு மிதித்துவிட்டுத்தான் நகர்வார்.

ஒருநாள் தோட்டத்துக் கூட்டத்துக்கு எம்.பி. வந்தார். வளைவில் இருந்த பெரிய குழியில் அவர் ஜீப் புதைந்துவிட, எங்கள் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். முதலில் சுற்றுலாப் பயணிகளுக்காக எல்ல நகருக்குக் கேபிள் கார், அதில் வருமானம் வந்த பிறகு உங்கள் ரோடு என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். அடுத்த குழியில் அவர் தலை கூரையில் இடித்தது.

"மெதுவாப் போப்பா!"

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுருங்க ஐயா."

எம்.பி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். "நேத்து இவ்வளவு குழி இல்லையே?" என்று நான் கேட்டேன்.

"காலையில நான்தான் சார் கல்லையெல்லாம் புடுங்கிப் போட்டேன். நாமளே மூடிக்கிட்டு இருந்தா அவருக்கு எப்படித் தெரியும்?"

மாலையில் திரும்பும்போது ஒவ்வொரு குழியையும் மறுபடி மூடினார். ஜீப் புதைந்த குழியை மட்டும் விட்டுவிட்டார்.

"இது?"

"வலியோட எம்பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப இதுலதான் வண்டி மாட்டிக்கிச்சு. பிள்ளை தங்கல. இது அப்படியே கெடக்கட்டும் சார். ஓட்டுக் கேக்க அவரு மறுபடி இந்த வழியாத்தானே வரணும்."

அதன் பிறகு அந்த வளைவில் நான் தினமும் இறங்கி நடந்தேன். ஒரு கல்லைக்கூட அதில் போட எனக்கும் மனம் வரவில்லை.