பல் கிடந்த இடம்

கிதோமேயைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இல்லைதான். ஆனால் எங்கள் முகாமில் உண்மை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் கம்பா இனத்து ஆட்களில் அவனுக்கு இருந்த கண் யாருக்கும் கிடையாது. மச்சாகோஸ் பக்கம் ஆடு மேய்த்தவன். துர்கானா ஏரிக்கரை முகாமுக்குக் கக்கூஸ் குழி வெட்டத்தான் வந்தான். ஒரே வருஷத்தில், ஆதிமனிதர் எலும்பு தேடும் எங்கள் கூட்டத்துக்கு முன்னால் நடந்தான். அத்தனை கல்லுக்கு நடுவே நகம் அளவு தாடை எலும்பை நடந்துகொண்டே காட்டுவான். நான் ஆறு வருஷம் குனிந்து நடந்தும் கண்டதெல்லாம் பன்றிப் பல்லும் நீர்யானை முட்டியும்தான். "என்ன முலி, இன்னைக்கும் பன்னிதானா?" என்று சாப்பிடும்போது கேட்டுச் சிரிப்பான். எனக்கு வயிறு எரியும்.

எங்கள் வேலைக்கு ஒரே சட்டம். கண்டதைத் தொடாதே; பக்கத்தில் கல்லைக் குவித்து அடையாளம் வை, ஆராய்ச்சிக்குத் தலைவியான டாக்டர் ஞோகியைக் கூப்பிடு. எலும்பின் வயசைச் சொல்வது அது கிடந்த மண். எரிமலைச் சாம்பல் அடுக்குக்கு மேலே கிடந்தால் ஒரு வயசு, கீழே கிடந்தால் இன்னும் பழசு.

ஒரு நாள் காலை சின்னதாக ஒன்று கண்ணில் பட்டது. எடுத்து நாக்கில் வைத்தேன். எலும்பு ஒட்டும், கல் ஒட்டாது. ஒட்டியது. வழக்கம்போலப் பன்றிப் பல் என்று நினைத்தேன். பன்றிக்கும் அதே சட்டம்தான், ஆனால் யார் பார்த்தார்கள் என்று பையில் போட்டுக்கொண்டு நாலைந்து ஓடை தாண்டிப் போனேன். தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது துடைத்துப் பார்த்தால், மனுஷனுடையது மாதிரிக் கடைவாய்ப் பல்.

எங்கே எடுத்தேன்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சொன்னால் வேலை போகும். மறுநாள் கிதோமே தேட வேண்டிய சரிவில் அதைப் போட்டுவிட்டு வந்தேன். பல்லாவது வீணாகாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவன் கண்ணுக்குத் தப்புமா? கல் குவித்தான், கூப்பிட்டான், ஒரு விரல்கூட வைக்கவில்லை. ஆடு அடித்துக் கொண்டாடினோம். இரண்டு மாதம் கழித்து, பல்லின் இடுக்கில் இருந்த மண் அந்தச் சரிவு மண்ணே இல்லை என்று டாக்டர் கண்டுபிடித்தார். பேர் வாங்க வேறெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று முகாமே பேசியது. தாய்மேல் சத்தியம் செய்தான், யாரும் கேட்கவில்லை. வேலை போய் லாரி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது நம்புறியாடா?" என்றான். நம்புகிறேன் என்றேன். தூ, நானும் ஒரு மனுஷன்.

பதினொரு வருஷம் ஆகிறது. அவன் இடத்தில் இப்போது நான் முன்னால் நடக்கிறேன். புதிதாக வருபவர்களுக்குத் தொடாதே என்று நானே சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பொறுக்க முடியாமல் அவன் ஊருக்குப் போனேன். பப்பாளி மரங்களுக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல், அந்தப் பல்லை அவன் சரிவில் போட்டது நான்தான் என்று சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"சரி, அதை விடு. நிஜமா அது எங்கடா கிடந்துச்சு? சாம்பலுக்கு மேலயா, கீழயா? அந்த இடத்தைக் காட்டு, டாக்டரம்மாவைக் கூட்டிட்டுப் போவோம். மண்ணு ஒத்துப்போச்சுன்னா அவங்க என்னை நம்புவாங்க."

அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடம் எனக்கே தெரியாது என்பதை இனிமேல்தான் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது.